நான்காம் நிலைத் தேர்வும் ஒலி அடைத்த கைப்பேசியும்: வூஹானிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

397, 418, 451. ஒரே மாணவி சீனாவின் கல்லூரி ஆங்கிலத் தேர்வை மூன்று முறை எழுதி வாங்கிய மதிப்பெண்கள் இவை. முதல் முறை 2017 டிசம்பர், அடுத்தது 2018 ஜூன், கடைசியாக 2018 டிசம்பர். அவள் தாண்ட வேண்டியிருந்த கோடு 425. கடைசி முறை தாண்டினாள் என்பதில் பெரிய கதை இல்லை. முதல் தோல்விக்கு நாங்கள் எல்லோரும் ஒரு காரணம் சொன்னோம், அந்தக் காரணம் தப்பு என்பது இரண்டாவது தோல்வியில்தான் தெரிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் வூஹானில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அவள் அதே வளாகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஹூபெய் மாகாணத்தின் மேற்கே, மலைப்பாங்கான என்ஷி பக்கத்துச் சிற்றூர்க்காரி. நாங்கள் ‘யூபான்’, அதாவது மொழித்துணை: வாரம் இருமுறை அவள் எனக்குச் சீனம் சொல்லித்தருவாள், நான் அவளுக்கு ஆங்கிலம். என்னை ‘ஷுவேஜியே’ என்பாள். படிப்பில் மூத்த அக்கா என்று பொருள். நான் அவளை ‘ஷுவேமெய்’ என்பேன், படிப்பில் தங்கை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவள் அவளாகவே இருக்கட்டும்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம்

கல்லூரி ஆங்கிலத் தேர்வு, நான்காம் நிலை. மாணவர்கள் வாயில் ‘ஸுஜி’. 1987இல் தொடங்கியது. அதற்கு மேல் உள்ள ஆறாம் நிலை, ‘லியூஜி’, 1989இல் வந்தது. ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கானது. ஜூனிலும் டிசம்பரிலும், ஆண்டுக்கு இருமுறை, நாடு முழுக்க ஒரே சனிக்கிழமையில் நடக்கும். காலையில் நான்காம் நிலை, மதியம் ஆறாம் நிலை.

முன்பெல்லாம் நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி, கையில் சான்றிதழ். 2005இல் அதை மாற்றி மொத்தத்தை 710 ஆக்கினார்கள். சான்றிதழுக்குப் பதில் மதிப்பெண் அறிக்கை வந்தது. ஏட்டளவில் தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சே இப்போது கிடையாது. ஆனால் நான்காம் நிலையில் 425 எடுத்தவர்தான் ஆறாம் நிலைக்குப் பெயர் கொடுக்க முடியும் என்ற விதி இருப்பதால், 425தான் தேர்ச்சிக் கோடு என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. பட்டம் வாங்குவதோடு இந்தத் தேர்வை முடிச்சுப்போட்டு வைத்திருந்த கல்லூரிகள் பல. அந்த முடிச்சு பல இடங்களில் அவிழ்ந்துவிட்டது. வேலை விளம்பரங்களில் ‘நான்காம் நிலை தாண்டியவர்’ என்ற வரி மட்டும் போகவில்லை.

710ஐ மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள்: கேட்டலுக்கு 249, வாசிப்புக்கு 249, எழுத்தும் மொழிபெயர்ப்பும் சேர்த்து 212. இவை நேரடியாக எண்ணிப் போடும் மதிப்பெண்கள் அல்ல. ஓர் ஒப்பீட்டுக் குழுவின் சராசரியை 500 என்று வைத்து, அந்த அளவுகோலில் மாற்றித் தருபவை. ஆனாலும் மாணவர்கள் எல்லோரும் ஒரு வாய்க்கணக்கு வைத்திருப்பார்கள்: ஒரு விழுக்காட்டுக்கு 7.1. கேட்டல் பகுதியில் 25 கேள்விகள். செய்தித் துணுக்குகளில் 7, உரையாடல்களில் 8, இவை தலா 7.1. கடைசியில் வரும் மூன்று நீள் பத்திகளில் 10 கேள்விகள், தலா 14.2. இந்தப் பத்துதான் நம் கதைக்கு முக்கியம்.

முதல் முறை: 397

அவள் ஒன்றும் ‘லுவோகாவ்’ போனவள் அல்ல. லுவோகாவ் என்றால் வெற்றுடம்போடு தேர்வுக்குப் போவது, ஒரு சொல்கூடப் படிக்காமல் அதிர்ஷ்டத்தை நம்பிப் போய் உட்காருவது. இவள் அதற்கு நேர் எதிர். செப்டம்பரிலிருந்தே தினமும் ‘ஷுவாதி’. ஷுவா என்றால் தூரிகையால் தேய்ப்பது, தி என்றால் கேள்வி. பாத்திரம் தேய்ப்பது மாதிரி பழைய வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்துத் தள்ளினாள். சொற்களுக்குக் கைப்பேசிச் செயலி. அகரவரிசைச் சொற்பட்டியல் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே ‘அபாண்டன்’, அதாவது ‘கைவிடு’, வந்துவிடும். அதோடு புத்தகத்தையே கைவிட்டவர்கள் கோடி என்பது அங்கே பழைய நகைச்சுவை. இவள் அதையெல்லாம் தாண்டிப் போனவள்.

அன்று காலை நடந்ததைத் தேர்வு முடிந்து உணவுக்கூடத்தில் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது கிண்ணத்தில் இருந்த நூடுல்ஸ் ஆறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

தேர்வு எப்படி நடக்கும் என்றால், முதலில் 30 நிமிடம் கட்டுரை. கட்டுரைத் தலைப்பு வினாத்தாள் கையேட்டின் பின்னட்டையில் இருக்கும். முன்பக்கத்தைத் திறக்கக் கூடாது. கட்டுரை நேரம் முடிந்ததும் காதில் மாட்டிய வானொலிக் கருவியில் கேட்டல் பகுதி தொடங்கும். வளாகமே ஒரு பண்பலை அலைவரிசையில் ஒலிபரப்பும். தேர்வுக்கு முன்பு ஒருநாள் சோதனை ஒலிபரப்பும் உண்டு. 25 நிமிடத்தில் கேட்டல் முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் வாசிப்பும் மொழிபெயர்ப்பும்.

அவள் பழகி வந்தது வேறு மாதிரி. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான ‘காவ்காவ்’வுக்கு ஆங்கிலம் பயிலும்போது, ஒலிப்பதிவு முடிந்ததும் வினாத்தாளில் குறித்து வைத்த விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 2 நிமிடம் கொடுப்பார்கள். மூன்று வருடம் அந்தத் தாளத்திலேயே பழகிய கை. இங்கேயும் வினாத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். உரையாடல்கள் முடிந்தபோது சந்தேகம் வந்து 15 வரைக்கும் வட்டம் நிரப்பினாள். அதற்குள் நீள் பத்தி தொடங்கிவிட்டது. முடிந்ததும் மேற்பார்வையாளர் நேராக வரிசைக்குள் இறங்கினார். 16 முதல் 25 வரை அத்தனைக்கும் மூன்றாவது விடையை, ‘சி’யை, இழுத்து நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

மதிப்பெண் பிப்ரவரிக் கடைசியில் வந்தது: கேட்டல் 118, வாசிப்பு 154, எழுத்தும் மொழிபெயர்ப்பும் 125. தேறாததற்குக் காரணம் என்ன என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தப் பத்து வட்டங்கள்தான்! அறைத்தோழிகள் மூன்று பேரும் அதையே சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். வாய்க்கணக்கின்படி அங்கே 142 கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் நான்கில் ஒன்று பலிக்கும், 35 வரும். ஒழுங்காக நிரப்பியிருந்தால் பாதியாவது வந்திருக்கும், இன்னும் ஒரு 35. 397ஓடு 35ஐக் கூட்டினால் 432. கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் எங்களை ஏமாற்றியது.

இன்னொரு பிசகும் இருந்தது. வாசிப்பின் முதல் பகுதியில் பதினைந்து சொற்களிலிருந்து பத்துக் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். மொத்தத்தில் அதற்கு வெறும் 5 விழுக்காடு. அதில் கால் மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பத்தியைப் பாதி படிக்கும்போது மொழிபெயர்ப்பு மீதம் இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த முறை மொழிபெயர்ப்புக்கு வந்த பத்திகள் மலைகளைப் பற்றியவை: தாய்ஷான், ஹுவாஷான், ஹுவாங்ஷான் என்று வினாத்தாள் தொகுப்புக்கு ஒரு மலை. இவளுக்கு ஹுவாஷான் விழுந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ‘செங்குத்தான’ என்பதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. ‘ரொம்ப ரொம்ப ஆபத்து’ என்று எழுதிவிட்டு வந்தாள். அவள் மட்டும் இல்லை. ஒவ்வொரு தேர்வு முடிந்த மதியமும் வெய்போ சமூக ஊடகத்தில் இந்த மொழிபெயர்ப்புக் கூத்துகள்தான் ஓடும்.

இரண்டாம் முறை: 418

ஜூன் தேர்வுக்கு எங்கள் திட்டம் எளிது. கேட்கும்போதே வட்டம் நிரப்பு, சொல் நிரப்பும் பகுதியைக் கடைசியில் வை, மற்றபடி இன்னும் நிறையத் தேய். ஒலிப்பதிவை ஓடவிட்டு, கையில் 2பி பென்சிலோடு நிரப்பி நிரப்பிப் பழகினாள். மார்ச்சிலிருந்து மே வரை வாரத்துக்கு இரண்டு முழு வினாத்தாள்.

தேர்வு அறையில் எந்தப் பிசகும் இல்லை. 25 வட்டமும் நேரத்துக்கு நிரம்பின. வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பு.

ஆகஸ்டில் வந்த எண்கள்: கேட்டல் 121, வாசிப்பு 172, எழுத்தும் மொழிபெயர்ப்பும் 125.

வாசிப்பில் 18 கூடியிருந்தது. அது நேரத்தை மாற்றி வைத்ததன் பலன் என்று நம்புகிறேன். கேட்டலில் கூடியது மூன்றே மூன்று. பத்து வட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியபோது வந்ததும், காதைத் தீட்டிக் கேட்டு நிரப்பியபோது வந்ததும் கிட்டத்தட்ட ஒன்று. வேறு வேறு வினாத்தாள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் அந்த மூன்று என்னை உறுத்தியது. டிசம்பரில் விடைத்தாளைப் பிடுங்கிப் போகாமல் இருந்திருந்தாலும் அவளுக்கு அந்தப் பத்திகள் கேட்டிருக்காது என்றுதானே இதற்கு அர்த்தம்?

இங்கே என் பங்கையும் சொல்ல வேண்டும். அவள் காது நன்றாக இருக்கிறது என்று நான் எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பேசுவது அவளுக்கு எப்போதும் புரிந்தது. ஏன் புரிந்தது? நான் பேசுவது தமிழ்நாட்டு ஆங்கிலம். எழுத்தில் உள்ளதை எல்லாம் ஒலித்துவிடுவோம், எதையும் விழுங்க மாட்டோம். பின்னால் ஒருநாள் அவளே சொன்னாள்: “ஷுவேஜியே, நீங்கள் பேசினால் எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.” பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அது நோய்க்குறி.

ஒரே ஒரு வாக்கியம்

செப்டம்பரில் ஒரு சோதனை செய்தோம். அவள் ஏற்கெனவே தேய்த்து முடித்த ஒரு வினாத்தாளின் செய்தித் துணுக்கை எடுத்து, விடைகளை மூடிவிட்டு, ஒரு வாக்கியம் ஓடியதும் நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னேன். ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். ஒலிப்பதிவில் இருந்தது இது:

“அஃபிஷியல்ஸ் செட் தே ஷுட் ஹேவ் க்ளோஸ்ட் த ரோட் த நைட் பிஃபோர்.”

முந்தின இரவே சாலையை மூடியிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதாவது மூடவில்லை. அவள் தாளில் இருந்தது:

“அஃபிஷியல் செட் தே ஷூடா… க்ளோஸ் ரோட்… லைட் பிஃபோர்.”

அதிகாரிகள் சாலையை மூடிவிட்டார்கள், ஏதோ விளக்கு சம்பந்தப்பட்டது, என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். அர்த்தம் தலைகீழ். அந்த வாக்கியத்தில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எழுத்துப் படியைக் கையில் கொடுத்ததும் ஒரு நொடியில் சரியாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “இதையா படித்தார்கள்?” என்று கேட்டாள்.

மூன்று இடத்தில் வழுக்கியிருந்தது. ‘ஷுட் ஹேவ்’ பேச்சில் ‘ஷுடவ்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். அது அவளுக்குப் புதுச் சொல் மாதிரி கேட்டது. அந்தப் ‘புதுச் சொல்’லை யோசிக்கும் நேரத்தில் அடுத்த சொற்கள் அரைகுறையாகத்தான் விழுந்தன. ‘க்ளோஸ்ட்’டின் கடைசி மெய் காதில் விழவே இல்லை. பொதுச் சீனத்தில் ஓர் அசை உயிரிலோ, ன், ங் போன்ற மூக்கொலியிலோ, நாக்கைச் சுருட்டும் ர் ஒலியிலோதான் முடியும். ட், க், ஸ் என்று முடிகிற சொல்லே கிடையாது. நமக்கும் இது சிக்கல்தான். பஸ்ஸை பஸ்ஸு என்று உகரம் போட்டு உட்காரவைத்து நாம் சமாளிக்கிறோம். அவர்கள் காது அந்த மெய்யைத் தள்ளிவிட்டு மேலே போய்விடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் புதிது. நைட் எப்படி லைட் ஆயிற்று? ஹூபெய் பேச்சில் ந, ல இரண்டும் கலந்துவிடும். ஹெனான் மாகாணத்துக்காரரா, ‘ஹெலான்’ என்று சீனத்தில் சொல்லப்படும் ஹாலந்துக்காரரா என்று கிண்டல் செய்வார்கள். நம்மில் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிப்பவர்களுக்குக் கேட்கும்போதும் அந்த வேற்றுமை பிடிபடாதே, அதே கதை.

அவ்வளவு சொல் தெரிந்தும் ஏன் ஒலி தெரியவில்லை என்று துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. சொற்களை எங்கே படிக்கிறாய்? நூலகத்தில். அங்கே காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும், மூச்சுவிட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். எனவே செயலியின் ஒலியை அடைத்துவிட்டாள். திரையில் ஆங்கிலச் சொல் வரும், கீழே நான்கு சீனப் பொருள் வரும், சரியானதைத் தொட வேண்டும். இரண்டு ஆண்டு, ஆயிரக்கணக்கான சொற்கள், எல்லாம் கண்ணால். காதணி ஒன்று மாட்டியிருந்தால் தீர்ந்தது. “பக்கத்து இருக்கைக்குக் கேட்குமோ என்று பயம்” என்றாள்.

வாய் திறக்காத படிப்பைச் சீனத்தில் ‘யாபா யிங்யூ’ என்பார்கள், ஊமை ஆங்கிலம். பத்திரிகைகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் அடிபட்டுத் தேய்ந்த சொல். இவளுடையது அதிலும் ஒரு படி கீழே: காதுக்கே போகாத ஆங்கிலம். ஷுவாதியும் அதைச் சரிசெய்யவில்லை. ஏனென்றால் வினாத்தாள் தேய்க்கும்போது அவள் பயின்றது கேட்பதை அல்ல, ஊகிப்பதை. அச்சில் உள்ள நான்கு விடைகளைப் படித்து, காதில் விழுந்த ஒன்றிரண்டு சொல்லை வைத்து எது பொருந்தும் என்று பார்ப்பாள். தவறானால் விடைக்குறிப்பைப் பார்த்து, “ஓ, பி” என்று திருத்திவிட்டு அடுத்த கேள்வி. பழகிய வினாத்தாளில் இது பலிக்கும். அறுபது வினாத்தாள் தேய்த்தாலும் காது அப்படியேதான் இருக்கும்.

மூன்றாம் முறைக்கான பயிற்சி

‘ஜிங்திங்’ என்று அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நுணுகிக் கேட்டல். நாங்கள் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. பழைய வினாத்தாளின் ஒலிப்பதிவில் ஒரு நிமிடத் துண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுதுவது. மூன்று முறைக்குமேல் திருப்பிக் கேட்கக் கூடாது. பிறகு எழுத்துப் படியோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனாவால் திருத்துவது. திருத்தும்போது ஒவ்வொரு பிழைக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து: தெரியாத சொல்லா, ஒட்டிக்கொண்ட சொல்லா, கண்ணுக்குத் தெரிந்து காதுக்குத் தெரியாத சொல்லா. முதல் வாரத் தாள்களில் மூன்றாவது வகைதான் பக்கம் முழுக்க. தெரியாத சொற்கள் விரல் விட்டு எண்ணலாம். அதைப் பார்த்த பிறகுதான் சொற்பட்டியலை மூடிவைக்கச் சம்மதித்தாள். சொல் படிக்காமல் ஸுஜிக்குத் தயாராவது அவளுக்குச் சாமி குற்றம் மாதிரி இருந்தது.

திருத்திய துண்டை மறுநாள் காலை விளையாட்டுத் திடலில் நடந்துகொண்டே, ஒலிப்பதிவோடு சேர்ந்து அவளும் சத்தமாகச் சொல்ல வேண்டும். நூலகம் கூடவே கூடாது. அக்டோபரில் வூஹான் முழுக்க ஒஸ்மாந்தஸ் பூ வாசம், நடப்பதற்குக் கசக்கவில்லை. நவம்பர் கடைசியில் குளிர் எலும்பைக் குடையும். சின்லிங் மலை, ஹுவாய் ஆறு இவற்றுக்குத் தெற்கே அறைகளுக்குப் பொதுவாக மைய வெப்பமூட்டல் கிடையாது, உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர். இரண்டு வாரம் விட்டுவிட்டாள். நானும் என் ஆய்வேட்டு வேலையில் கேட்காமல் இருந்துவிட்டேன்.

ந, லவுக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை. சொல்லிப் பார்த்தோம், அவளுக்குச் சிரிப்பு வந்தது, விட்டுவிட்டோம். வாக்கியம் புரிந்தால் நைட்டா லைட்டா என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பது அவள் வாதம். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

மொழிபெயர்ப்புக்கு ஒரே ஒரு பழக்கம்: சொல் தெரியாவிட்டால் நின்றுவிடாதே, தெரிந்த சொல்லால் அந்தப் பொருளை விளக்கு. செங்குத்துக்குச் சொல் வராவிட்டால் ‘ஏறுவது கடினம்’ என்று எழுது. சீன வாக்கியத்தில் பெரும்பாலும் காலம் வினையில் இருக்காது, எழுவாயும் சில நேரம் இருக்காது. ஆங்கிலத்துக்கு இரண்டும் வேண்டும். எழுதும்முன் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யார், எப்போது’ என்று பென்சிலால் போட்டுக்கொள்ளச் சொன்னேன். டிசம்பரில் கைப்பேசி வழிப் பணம் செலுத்துவது பற்றிய பத்தி வந்தது. சந்தையில் கீரை வாங்கக்கூடக் கைப்பேசியை நீட்டுகிறவளுக்கு அது ஹுவாஷான் அளவுக்குச் செங்குத்தாக இல்லை.

451, அதில் சொல்ல முடிந்தது

மதிப்பெண் வந்தபோது அவள் வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு, முடிந்தும் ஊரில்தான் இருந்தாள். வீசாட்டில் மதிப்பெண் பக்கத்தின் திரைப்பிடிப்பு மட்டும் அனுப்பினாள், எழுத்து ஒன்றும் இல்லை. கேட்டல் 154, வாசிப்பு 168, எழுத்தும் மொழிபெயர்ப்பும் 129.

கேட்டலில் கூடிய 33 முழுவதும் ஜிங்திங்கின் வேலை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மூன்றாவது முறை எழுதுகிறவளுக்குப் பதற்றம் குறைவு. வினாத்தாளும் வேறு. ஆனால் மார்ச்சிலிருந்து மே வரை வாரத்துக்கு இரண்டு முழு வினாத்தாள் தேய்த்தும் நகராத எண், நாளுக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவில், இடையில் இரண்டு வாரம் விட்டும், நகர்ந்திருக்கிறது. வாசிப்பு 4 குறைந்தது. அந்தப் பருவத்தில் அவள் வாசிப்புக்கு எதுவுமே செய்யவில்லை என்பதால் அதில் வியப்பில்லை.

முதல் தோல்விக்குப் பிறகு அந்தக் கேட்டு எழுதும் சோதனையைச் செய்திருந்தால் ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும். அரை மணி நேர வேலை. செய்யாமல் போனதற்குக் காரணம், கையில் ஏற்கெனவே ஒரு நல்ல காரணம் இருந்ததுதான். பத்து வட்டம், மேற்பார்வையாளர், பிடுங்கிக்கொண்டு போன தாள்: யாரிடம் சொன்னாலும் உச்சுக்கொட்டுவார்கள். நூலகத்தில் ஒலியை அடைத்து வைத்ததைச் சொன்னால் யார் உச்சுக்கொட்டப் போகிறார்கள்?

எழுத்துப் பகுதி மூன்று முறையும் 125, 125, 129. கட்டுரையைத் திருத்துகிறவர்கள் 14, 11, 8, 5, 2 என்று ஐந்து படிகளாக வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அவள் எப்போதும் நடுப்படியில் நிற்கிறாள் என்று நினைக்கிறேன். காரணமும் தெரியும். அவளிடம் ஒரு ‘மோபான்’, வார்ப்பு, இருக்கிறது. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ‘சமூகம் வேகமாக வளர்ந்துவரும் இந்நாளில்’ என்றுதான் தொடங்குவாள். பள்ளி ஆசிரியை மனப்பாடம் செய்ய வைத்த வரி. இலக்கணப் பிழையே இல்லாத ஒரே வாக்கியம் அதுதான் என்பதால் அதை விட மாட்டேன் என்றாள். ஜூன் மாத லியூஜிக்குப் பெயர் கொடுத்தாள். நுணுகிக் கேட்பதை அன்றே தொடங்கிவிட்டாள், கட்டுரையின் முதல் வரி மட்டும் அதேதான்.